அப்பா பெயர் தெரியும், ஆளைத் தெரியாது

பிறந்ததிலிருந்து அப்பாவைப் பார்த்திராத பெண்ணுக்கும் அவரிடமிருந்து ஒன்று வந்து சேர்ந்திருக்கும்: இனிஷியல். பள்ளி வருகைப் பதிவேடு, ஆதார், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் என்று எல்லாவற்றிலும் அந்த ஓரெழுத்து அவள் பெயருக்கு முன்னால் நிற்கிறது. குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளாத தமிழ்நாட்டில், ஒருவருடைய அப்பா யார் என்று ஒவ்வொரு படிவமும் இப்படிக் கேட்டுக்கொண்டே இருக்கும். சின்ன வயதில் இது உறுத்துவதில்லை. பதினைந்து, பதினாறு வயதில் சாதிச் சான்றுக்கும் வருமானச் சான்றுக்கும் கல்லூரி விண்ணப்பத்துக்கும் "அப்பா வரலியாம்மா?" என்று கேட்கும்போதுதான் கேள்வி உடம்பில் ஏறுகிறது. தேடல் பெரும்பாலும் இந்த வயதில் தொடங்குவதற்கு மனசு ஒரு காரணம் என்றால், இ-சேவை மையம் இன்னொரு காரணம்.

உளுந்தூர்பேட்டைக்கும் பண்ருட்டிக்கும் நடுவில் இருக்கும் திருநாவலூர் போன்ற ஊரில் இந்தத் தேடலுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. அவள் அப்பா யார், எங்கே போனார், ஏன் போனார் என்பது தெருவில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். தெரியாதவள் அவள் ஒருத்தியாக இருப்பாள். அவளுக்கு முன்னால் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது என்பதில் ஊருக்கே ஓர் ஒற்றுமை இருக்கும்.

தேடலில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஆளைக் கண்டுபிடிப்பது ஒன்று. அவர்தான் அப்பா என்று நிறுவுவது இன்னொன்று. முதல் வேலைக்குச் சட்டம் அதிகம் உதவாது. இரண்டாவதற்குச் சட்டம் இருக்கிறது, ஆனால் அது கொடுப்பது பெரும்பாலும் அவள் கேட்காததை. சோற்றுக்குப் பணம் கிடைக்கும், சொத்தில் பங்கு கிடைக்கும். எதிரில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேச வைக்கும் உத்தரவு எந்த நீதிமன்றத்திலும் கிடைக்காது.

முதல் சாட்சி அம்மா. அவர் வாய் திறக்காததற்குக் காரணங்கள் பல. புருஷன் இன்னொருத்தியோடு போயிருப்பான், திருப்பூருக்கோ பெங்களூருவுக்கோ ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிக்கோ வேலைக்குப் போனவன் திரும்பியிருக்க மாட்டான், கல்யாணமே நடந்திருக்காது, அல்லது நடந்த கல்யாணம் இரண்டு சாதிக்கு நடுவில் நடந்திருக்கும். கடைசிக் காரணத்தை இந்தப் பக்கத்தில் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. 2003 ஜூலையில் விருத்தாசலத்தை அடுத்த புதுக்கூரைப்பேட்டையில், சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட கண்ணகி, முருகேசன் தம்பதியை வாயிலும் காதிலும் விஷம் ஊற்றிக் கொன்றார்கள். கடலூர் நீதிமன்றத் தீர்ப்பு வர 2021 செப்டம்பர் ஆயிற்று. அதைக் கேட்டு வளர்ந்த தலைமுறைப் பெண்கள், மகள் உயிரோடு இருந்தால் போதும் என்று ஒரு பெயரை விழுங்கியிருக்கலாம். அதைப் பிடிவாதம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அம்மாவே அப்போது பதினெட்டு ஆகாதவராக இருந்து, விஷயம் காவல் நிலையம் வரை போயிருந்தால், மௌனத்துக்கு இன்னும் நியாயம் உண்டு. அப்படியிருந்தாலும் மகளின் நிலை கெடுவதில்லை: குழந்தைத் திருமணம் செல்லாது என்று நீதிமன்றம் அறிவித்தாலும் அதில் பிறந்த குழந்தை முறையான பிள்ளைதான் என்கிறது 2006-ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம்.

பேச்சில் கிடைக்காதது காகிதத்தில் கிடைக்கலாம். பிறப்புச் சான்றிதழை எல்லோரும் பிறந்த தேதிக்காக மட்டும் பார்க்கிறார்கள். அதில் குழந்தை பிறந்தபோது பெற்றோர் இருந்த முகவரி, அவர்களுடைய நிரந்தர முகவரி என்று இரண்டு தனி இடங்கள் உண்டு. பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்த பெண், நிரந்தர முகவரியாகப் புருஷன் ஊரைச் சொல்லியிருக்க வாய்ப்பு அதிகம். பிரசவ உதவித்தொகைக்கான விண்ணப்பத்திலும் கிராம சுகாதார செவிலியரின் பதிவேட்டிலும் கணவர் பெயர் இருக்கும். கைவிடப்பட்ட பெண் என்று தாசில்தாரிடம் அம்மா சான்று வாங்கியிருந்தால், அதற்காக வி.ஏ.ஓ. விசாரித்து எழுதிய அறிக்கையில் புருஷன் யார், எப்போது போனான் என்ற விவரம் இருக்கும். மகளிர் காவல் நிலையத்தில் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிய சமரசக் கடிதம் பீரோவின் அடித்தட்டில் புடவைக்குக் கீழே கிடக்கலாம்.

கல்யாணப் பதிவு அடுத்த தடம். தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009 நவம்பர் 24 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் நடந்த எல்லாக் கல்யாணங்களையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். வீட்டுக்குத் தெரியாமல் நடந்த கல்யாணங்களில் பல பதிவாகவில்லை. ஆனால் இந்தப் பக்கத்து ஜோடிகள் பலர் தாலி கட்டிக்கொள்ளப் போவது கடலூர் அருகே திருவந்திபுரம் தேவநாத சுவாமி கோயிலுக்கு. முகூர்த்த நாளில் வரிசை கட்டிக் கல்யாணம் நடக்கும் அந்தக் கோயில் மாதிரியான இடங்களில் கட்டிய கட்டணத்துக்கு ரசீது இருக்கும். ரசீதில் இரண்டு பக்கத்துப் பெயரும் ஊரும் இருக்கும்.

எல்லாவற்றையும்விடப் பயன்படுவது வாக்காளர் பட்டியல். பெயர், வயது, பாலினம், வீட்டு எண், அப்பா அல்லது கணவர் பெயர் என்று ஒரு குடும்பத்தையே ஒரே பக்கத்தில் காட்டும் பொது ஆவணம் வேறு இல்லை. 2025-இல் தமிழ்நாட்டில் நடந்த சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்காக 2002, 2005-ஆம் ஆண்டுகளின் பழைய பட்டியல்களை இணையத்தில் போட்டார்கள். இன்று பதினைந்து வயதாகும் பெண்ணின் அப்பாவுக்கு அப்போது ஓட்டு வயது வராமலே இருந்திருக்கலாம். ஆனால் அவரைப் பெற்றவர்கள் அதில் இருப்பார்கள். தேடுகிறவர் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம்: அந்தப் பட்டியல்கள் பழைய தொகுதிகளின்படி அடுக்கப்பட்டவை. திருநாவலூர் இருக்கும் கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 நவம்பர் 26-இல்தான் விழுப்புரத்திலிருந்து பிரிந்தது. 2002, 2005-இல் திருநாவலூர் என்றே ஒரு சட்டமன்றத் தொகுதி இருந்தது. தொகுதி மறுசீரமைப்பில் அது போய்விட்டது. இன்றைய உளுந்தூர்பேட்டைத் தொகுதியில் மட்டும் தேடினால் ஒரு தலைமுறையே தவறிப்போகும்.

ஆதார் இந்த வழிக்கு உதவாது. அதிலுள்ள விவரத்தை வெளியிட உயர் நீதிமன்ற நீதிபதியின் நிலைக்குக் குறையாத உத்தரவு வேண்டும். காவல் நிலையத்திலும் ஓர் எல்லை இருக்கிறது. காணாமல் போனவர் என்று புகார் கொடுத்தால் தேடுவார்கள். கண்டுபிடித்த ஆள் வயது வந்தவராக இருந்து, "என் இஷ்டப்படிதான் போனேன்" என்று வாக்குமூலம் கொடுத்துவிட்டால் வழக்கு அங்கேயே முடிந்துவிடும். ஆட்கொணர்வு மனு, சட்டவிரோதமாக அடைத்து வைக்கப்பட்டவர்களுக்கு மட்டும்தான்.

கல்வராயன் மலைப் பக்கம் இருந்து போனவர்கள் விஷயத்தில் சிறைகளையும் சேர்த்துத் தேட வேண்டியிருக்கும். வடதமிழ்நாட்டு மலைக் கிராமங்களின் ஆண்களை ஏஜென்டுகள் செம்மரம் வெட்ட ஆந்திரத்துக்கு அழைத்துப் போய், அவர்கள் கைதான கதை நீளமானது. 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் சுட்டுக் கொன்ற இருபது பேரும் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள். வீட்டுக்கு ஒரு தகவலும் சொல்லாமல் போன அப்பா வேண்டுமென்றே போனவர் என்று முதலிலேயே முடிவு கட்டிவிடக் கூடாது. வெளிநாட்டுக்குப் போனவரென்றால் வெளியுறவு அமைச்சகத்தின் மதத் இணையதளத்தில் புகார் பதியலாம்.

ஏழு வருடம் ஒரு செய்தியும் இல்லையென்றால், அவரைப் பற்றி இயல்பாகத் தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கே தெரியவில்லையென்றால், அவர் உயிரோடு இருப்பதாகச் சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் 108-ஆம் பிரிவாக இருந்த இது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 111-ஆம் பிரிவு. பட்டா மாற்றவும் வாரிசுரிமை கோரவும் குடும்பங்கள் இதைப் பயன்படுத்துகின்றன. மகள் தேடத் தொடங்கும்போது அப்பா ஏற்கெனவே காகிதத்தில் இறந்துபோயிருப்பதும் உண்டு.

இதே கேள்வியை இலங்கையில் ஒரு தலைமுறையே சுமக்கிறது. போர் முடிந்த 2009 மே மாதம் வயிற்றில் இருந்த பெண் குழந்தைகளுக்கு இன்று பதினாறு தாண்டிவிட்டது. அவர்களில் சிலருடைய அப்பாக்கள் முள்ளிவாய்க்காலில் சரணடைந்து பேருந்தில் ஏறியவர்கள். அதன்பின் யாரும் பார்க்கவில்லை. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 2017 பிப்ரவரியில், காணாமல் போனவர்கள் எங்கே என்று கேட்டு, அம்மாக்கள் தெருவோரம் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். அங்கே 2016-இல் வந்த ஒரு சட்டத் திருத்தம், மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் 'காணாமற்போனமைச் சான்றிதழ்' கொடுக்க வழி செய்தது. சொத்து, வங்கி வேலைகள் நடக்கும். ஆள் செத்துவிட்டார் என்று கையெழுத்துப் போட வேண்டாம். குடும்பங்கள் கேட்டது உண்மையை, கிடைத்தது சான்றிதழ் என்ற குறை அங்கேயும் தீரவில்லை. ஆனாலும் ஏழு வருடக் கணக்கைவிட இது கொஞ்சம் மனிதத்தன்மை உள்ள ஏற்பாடு. இந்தியாவிலும் வந்தால் நல்லது.

ஆள் கிடைத்து, அவர் மறுத்தால் இரண்டாவது வேலை தொடங்குகிறது. நடைமுறையில் இதற்கு முதல் வாசல் ஜீவனாம்ச வழக்கு. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவு (பழைய 125) முறைப்படி பிறந்த பிள்ளை, முறைப்படி பிறக்காத பிள்ளை என்று பார்ப்பதில்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியாத மைனர் குழந்தைக்கு அப்பா பணம் கொடுக்க வேண்டும். மகள் சார்பில் அம்மா மனுப் போடலாம். பதினெட்டு ஆன பிறகும், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியாத, கல்யாணம் ஆகாத இந்துப் பெண் 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டத்தின் 20-ஆம் பிரிவில் அப்பாவிடம் ஜீவனாம்சம் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் உறுதி செய்தது. வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே, இலவச சட்ட உதவி உண்டு; நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் வட்ட சட்டப் பணிகள் குழுவில் கேட்டால் போதும். 15100 என்ற எண்ணிலும் கூப்பிடலாம்.

சொத்தும் அப்படித்தான். அப்பா முதல் மனைவி இருக்கும்போதே அம்மாவைக் கட்டியிருந்தால் அந்தக் கல்யாணம் செல்லாது. ஆனால் பிள்ளை செல்லும். இந்து திருமணச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. கூட்டுக் குடும்பச் சொத்தில் அப்பாவுக்கு வரவேண்டிய பங்கிலும் அந்தப் பிள்ளைக்கு உரிமை உண்டு என்று 2023 செப்டம்பர் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்பா பக்கத்து உறவுகள் கதவைச் சாத்துவதற்குப் பல நேரங்களில் இதுதான் உண்மையான காரணம். "பார்க்கத்தான் வந்தேன்" என்று பெண் சொன்னால், "பங்கு கேட்க வந்திருக்கா" என்றுதான் அவர்கள் காதில் விழுகிறது.

மறுப்பைத் தீர்க்க டி.என்.ஏ. சோதனை இருக்கிறதே என்று தோன்றும். அறிவியல் எளிது. பிள்ளையின் மரபணுவில் பாதி அம்மாவிடமிருந்தும் பாதி அப்பாவிடமிருந்தும் வருகிறது. அம்மாவிடம் இல்லாத ஒவ்வொரு அடையாளமும் அப்பாவிடம் இருந்தாக வேண்டும். இங்கிலாந்தில் அலெக் ஜெஃப்ரீஸ் 1984-இல் இந்த முறையைக் கண்டார். இந்தியாவில் தந்தை யார் என்ற வழக்கில் இது முதலில் வந்தது கேரளத்தின் தலச்சேரியில், 1989 வாக்கில். ஐதராபாத் சி.சி.எம்.பி.யின் விஞ்ஞானி லால்ஜி சிங் சோதனை செய்தார். பெண் பிள்ளைக்கு இதில் ஒரு விசேஷம் உண்டு. ஆணிடம் ஒரே ஒரு எக்ஸ் குரோமோசோம்தான். அதை அவன் தன் எல்லாப் பெண் பிள்ளைகளுக்கும் ஏறக்குறைய அப்படியே கொடுக்கிறான். அவனுக்கு அது வந்தது அவன் அம்மாவிடமிருந்து. ஆகவே அப்பா இறந்துவிட்டாலும், அவரைப் பெற்ற ஆயா உயிரோடு இருந்தால், அல்லது அவருடைய வேறொரு மகள் சம்மதித்தால், உறவைச் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது.

சட்டம்தான் எளிதில்லை. செல்லுபடியாகும் கல்யாணம் நீடிக்கும்போதோ, அது முறிந்து அம்மா மறுமணம் செய்யாமல் இருக்கும் 280 நாளுக்குள்ளோ பிறந்த குழந்தை அந்தக் கணவனுடையதுதான் என்கிறது பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 116-ஆம் பிரிவு (பழைய சாட்சியச் சட்டத்தில் 112). கருத்தரித்திருக்கக்கூடிய காலத்தில் இருவரும் சேர வாய்ப்பே இல்லை என்று நிரூபித்தால் மட்டும் இது உடையும். குழந்தைக்கு 'முறை தவறிப் பிறந்தது' என்ற பழி வராமல் காக்க 1872-இல் போட்ட வேலி அது. உண்மையைத் தெரிந்துகொள்ள விரும்பும் பிள்ளைக்கும் அதே வேலிதான் குறுக்கே நிற்கிறது. கண்டபடி இரத்தப் பரிசோதனைக்கு உத்தரவிடக் கூடாது என்று 1993-இல் கௌதம் குண்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில், அம்மாவின் கணவர் அல்லாத ஒருவரைத் தன் அப்பா என்று சொன்ன கேரள இளைஞரின் கோரிக்கையையும் அது ஏற்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலும் இதே போக்கு: கணவர் இருக்கும்போது பிறந்த குழந்தைக்கு வேறொருவர் அப்பா என்று அம்மாவே சொல்லியும், சென்னை உயர் நீதிமன்றம் போட்ட டி.என்.ஏ. உத்தரவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

எதிர்ப்பக்கத்தில் எல்லோரும் சொல்லும் உதாரணம் முன்னாள் முதல்வர் என்.டி. திவாரி வழக்கு. அவர்தான் தன் அப்பா என்று சொல்லி ரோஹித் சேகர் 2008-இல் தில்லி உயர் நீதிமன்றம் போனார். 2012-இல் திவாரியின் இரத்த மாதிரியை எடுக்க வைத்தார். முடிவு அவர் சொன்னபடியே வந்தது. திவாரி வாய்விட்டு மகன் என்று ஏற்றது 2014-இல். படித்த, அரசியல் குடும்பத்தில் வளர்ந்த ஒருவருக்கே ஆறு வருடம். அம்மாவுக்குக் கல்யாணமே ஆகாதிருந்தால் இந்தச் சட்ட ஊகம் குறுக்கே வராது. அப்போது நீதிமன்றம் சோதனைக்கு உத்தரவிட்டு, அப்பா என்று சொல்லப்படுபவர் மறுத்தால் அந்த மறுப்பையே அவருக்கு எதிராக எடுத்துக்கொள்ளலாம். கல்யாணம் ஆகாத அம்மாவின் மகளுக்கு ஊரில் எந்த மரியாதையும் இல்லை; நீதிமன்றத்தில் அவளுக்குத்தான் வழி சற்று அகலம்.

அம்மாவின் மௌனத்துக்கும் மகளின் உரிமைக்கும் நடுவில் நீதிமன்றம் ஒருமுறை அழகான ஒரு காரியம் செய்தது. 2015 ஜூலையில், கல்யாணம் ஆகாத தாய் ஒருவர், அப்பா பெயரைச் சொல்லாமலே தன் பிள்ளைக்குக் காப்பாளராகலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதோடு நிற்கவில்லை. பெற்றோர் யார் என்று தெரிந்துகொள்வது பிள்ளையின் உரிமை என்று அவரிடம் எடுத்துச் சொல்லி, அந்த விவரத்தை வாங்கி, உறையில் போட்டு முத்திரை வைத்தது. நீதிமன்றம் சொன்னால்தான் பிரிக்கலாம். பெற்றோரை அறியும் உரிமையைச் சொல்லும் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 7-ஆம் பிரிவை இந்தியா 1992-லேயே ஏற்றுவிட்டது. அதை நடைமுறையில் செய்து காட்டியது அந்த உறை ஒன்றுதான் எனலாம்.

தத்துப் போனவர்களுக்கு விதி வேறு. மத்திய தத்தெடுப்பு ஆணையத்தின் ஒழுங்குமுறைகளில் வேர் தேடல் என்ற ஏற்பாடு இருக்கிறது. பதினெட்டு ஆனவர் தானே கேட்கலாம், ஆகாதவர் வளர்த்தவர்களோடு சேர்ந்து கேட்கலாம், வெளியாள் கேட்க முடியாது. ஒப்படைத்தவர் பெயரை மறைக்கச் சொல்லியிருந்தால் அவர் சம்மதம் வேண்டும். தொட்டில் குழந்தைத் திட்டத்தில் போடப்பட்ட பெண்களுக்கு இந்த வழியிலும் பெரிதாக எதுவும் கிடைக்காது. 1992-இல் சேலத்தில் தொடங்கிய அத்திட்டம் 2011-இல் அன்றைய விழுப்புரம் மாவட்டத்துக்கும் வந்தது. விட்டுச் செல்பவரைக் கேள்வி கேட்காமல் இருப்பதுதான் அதன் அடிப்படையே. தானம் பெற்ற விந்தணுவில் பிறந்தவர்களுக்கும் இங்கே கதவு இல்லை. பிரிட்டனில் 2005 ஏப்ரலுக்குப் பின் தானம் செய்தவர்களின் அடையாளத்தைப் பிள்ளை பதினெட்டு வயதில் கேட்டுப் பெறலாம்.

அப்பா இடத்தை வேறொருவர் நிரப்புவதும் இந்த ஊருக்குப் புதிதில்லை. திருநாவலூரில் சடையனாருக்குப் பிறந்த சுந்தரரை வளர்த்தவர் அந்நாட்டு அரசர் நரசிங்க முனையரையர். அதே சுந்தரர் பின்னாளில் கோட்புலி நாயனாரின் பெண்கள் சிங்கடியையும் வனப்பகையையும் மகள்களாக ஏற்று, தன் பதிகங்களிலேயே தன்னை அவர்களுடைய அப்பன் என்று சொல்லிக்கொண்டார். மாமாவோ தாத்தாவோ வளர்த்த பெண், பெற்றவரைத் தேடினால் வளர்த்தவர் மனசு நோகும் என்று பயப்படுகிறாள். அந்தப் பயம் நியாயமானதுதான். தேடலை அவரிடம் மறைத்துச் செய்வதால் அது குறைவதில்லை.

இனிஷியலை மாற்றிக்கொள்ளவும் இன்று வழி உண்டு. அம்மாவின் முதலெழுத்தைப் போட்டுக்கொள்ளத் தடையில்லை. 2016 டிசம்பர் முதல் பாஸ்போர்ட்டுக்கும், 2018 டிசம்பர் முதல் தனித்து வளர்க்கும் அம்மாவின் பிள்ளைக்கு பான் கார்டுக்கும் அப்பா பெயர் கட்டாயமில்லை.

கடைசியாக, சந்திப்பு. பதினெட்டு ஆகாத பெண் தனியாகப் போகக் கூடாது. எந்த ஊர், யார் வீடு என்று வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். 1098-இல் கூப்பிட்டு, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வழியாக ஆற்றுப்படுத்துநர் ஒருவரைத் துணைக்குக் கேட்கலாம். வக்கீல் நோட்டீசுக்கு முன் ஒரு கடிதம் போவது நல்லது. நோட்டீசைப் பார்த்த ஆள் முதலில் வக்கீலிடம் போவார், அப்புறம்தான் மகளைப் பற்றி யோசிப்பார். அவருக்கு இன்னொரு குடும்பம் இருக்கும்; அங்கே இவளைவிடச் சின்னப் பிள்ளைகள் இருக்கலாம், அவர்களுக்கு இவளைப் பற்றித் தெரியாமல் இருக்கலாம். அவர் மறுத்துவிட்டால் அவரைப் பெற்ற ஆயாவையோ அத்தையையோ கேட்டுப் பார்க்கலாம். ஜீவனாம்ச மனுவுக்கும் சொத்து வழக்குக்கும் அவருடைய சம்மதம் தேவையில்லை. அவற்றை எப்போது போடுவது, போடுவதா வேண்டாமா என்பதைப் பெண் பிறகு முடிவு செய்துகொள்ளலாம்.